நகைக்கடைப் பையில் வந்த பதினொரு உறைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காப்பீட்டு ஏஜெண்டாக இருப்பவனுக்கு முதலில் பிடிபட வேண்டியது பைகளின் இலக்கணம். பத்திரங்கள் நகைக்கடைப் பையில் வந்தால் அந்த வீட்டில் ஓர் அம்மா பொறுப்பாக இருக்கிறார் என்று பொருள். மைலோ டின்னில் வந்தால் தாத்தா. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படம்பிடித்து அனுப்பினால் முதல் பக்கம் மட்டும் வரும். விஷயம் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.

2025 தொடக்கத்தில் என் மேசைக்கு வந்தது ஒரு நகைக்கடைப் பை. கொண்டுவந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். பத்து ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு), பின்னாலேயே இரத்த அழுத்தம். நோய் வருவதற்கு முன்பே மகள் எடுத்துக் கொடுத்த மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் காப்பீட்டுப் பாலிசி, ஒன்று இருந்தது. “தம்பி, கார்டு செல்லாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என்னவென்று பாருங்கள்” என்றார். பையில் பதினொரு உறைகள். ஒன்பது பிரிக்கப்படவே இல்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். நோய் வந்த பிறகு கம்பெனி கார்டைப் பிடுங்கிக்கொள்ளும் என்றுதான் நம் மக்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை கார்டு அப்படிப் போவது அரிது. புதுப்பிப்புக்கு உத்தரவாதம் உள்ள கார்டாக இருந்தால், உங்களுக்குச் சர்க்கரை ஏறியது என்பதற்காக உங்கள் ஒருவருடைய கார்டை மட்டும் நிறுத்த மாட்டார்கள். பிரீமியத்தை உயர்த்தினாலும் அந்தத் திட்டத்தில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துத்தான் உயர்த்துவார்கள். கார்டு போவது நம் கையிலிருந்து நழுவித்தான். போனபின் அதே கார்டைக் கேட்டுப் பாருங்கள்: கூடுதல் கட்டணம் போடுவார்கள், அல்லது அந்த நோயையும் அதன் கிளைகளையும் விலக்கிவிட்டுத் தருவார்கள், அல்லது விண்ணப்பத்தையே திருப்பி அனுப்புவார்கள். ஆரோக்கியமாக இருந்தபோது வாங்கிய கார்டு, நோயாளிக்கு மறுபடி கடையில் கிடைக்காத பொருள்.

நழுவும் வழிகளில் மிகச் சாதாரணமானது முகவரி. பாலிசி எடுத்தபோது தோட்டத்து லயத்து வீடு. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகும், அங்குள்ள எழுத்தர், கிராணி, ஆள்மூலம் கொடுத்தனுப்புவார். இப்போது குடும்பம் தாமானுக்கு (வெளியே உள்ள குடியிருப்புக்கு) மாறிவிட்டது. கடிதம் இன்னும் கிராணி மேசைக்கே போகிறது. அடுத்தது வங்கி அட்டை. பிரீமியம் மாதாமாதம் தானாகக் கழிகிறது என்று நிம்மதியாக இருப்போம். அட்டை காலாவதியாகிப் புதிய எண் வந்திருக்கும், கம்பெனிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டத் தவறினால் பெரும்பாலான பாலிசிகளில் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு பாலிசி செத்துவிடும். உயிர்ப்பிக்கலாம், ஆனால் உடல்நிலையை மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டாலும், கம்பெனி பணம் தராத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும்: பொதுவான நோய்களுக்கு 30 நாள், இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய், சிறுநீரகக் கல் முதலிய குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள்.

முதலீட்டோடு இணைந்த பாலிசி என்றால் இன்னொரு குழி இருக்கிறது. நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி முதலீட்டு நிதியின் யூனிட்டுகளாகச் சேரும். மருத்துவக் காப்புக்கான கட்டணம் அந்த யூனிட்டுகளை விற்றுக் கழிக்கப்படும். வயது ஏற ஏற அந்தக் கட்டணமும் ஏறும். ஒருநாள் யூனிட் தீர்ந்துபோகும். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டியவருடைய பாலிசியும் இப்படிக் காலாவதியாகலாம். இதைச் சொன்னால் என்னைத்தான் முறைத்துப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கு அறிக்கையைப் பிரித்து, இன்றைய பிரீமியத்தில் காப்பு எந்த வயதுவரை தாங்கும் என்று ஏஜெண்டைக் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள்.

வேலையோடு வந்த காப்பு வேலையோடு போகும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார்; காய்ச்சலா, பிரசவமா, பாம்புக்கடியா, முதலில் ஓடுவது அவரிடம்தான். மருத்துவம் தோட்டத்தின் பொறுப்பு என்ற நினைப்பு நமக்கு அங்கிருந்து வந்தது. இன்று தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதே நினைப்பு: “கம்பெனி கார்டு இருக்கிறது, அண்ணே.” அந்தக் கார்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்துக் கடைசி நாள் முடியும்வரைதான். முப்பது வயதில் தனியாக ஒரு சிறிய கார்டு எடுத்து வைக்காதவன், நாற்பத்தைந்தில் இனிப்புநீரோடு வேலையை விட்டு வரும்போது அவனுக்காக நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. நோயால் வேலையே செய்ய முடியாமல் போனால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவை மறந்துவிடாதீர்கள். சந்தா நிபந்தனைகள் பொருந்தினால் இயலாமை ஓய்வூதியம் உண்டு, தகுதியுள்ளவர்களுக்கு டயாலிசிஸ் உதவியும் உண்டு. 60 வயதாவதற்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும்.

இனி என் சொந்தப் பாவம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லோரி ஓட்டுநருக்கு ஏழு வருடத்துப் பழைய கார்டு இருந்தது. ஆண்டு வரம்பு குறைவு, அறை வாடகை வரம்பும் குறைவு. புதிய கார்டின் வண்ணத்தாளை அவர் முன் விரித்தேன். லேசாகச் சர்க்கரை இருப்பதையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதினோம். கூடுதல் கட்டணத்தோடு ஏற்றார்கள். பழையதை ரத்து செய்தார். மூன்றாவது மாதம் நெஞ்சுவலி. 120 நாள் முடியவில்லை. கம்பெனி மறுத்தது, விதிப்படி அது சரி. பழைய கார்டு இருந்திருந்தால் கொடுத்திருக்கும். தைப்பூசத்தில் பார்த்தால் இன்றும் அவர் வணக்கம் சொல்கிறார். நான்தான் காவடிகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்கிறேன்.

ஏஜெண்டுக்குக் கமிஷன் கூடுதலாக வருவது பாலிசியின் முதல் சில ஆண்டுகளில். பழையதை விட்டுப் புதியதற்கு வாருங்கள் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், இதை மனத்தில் வையுங்கள். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் புதிய கார்டு கைக்கு வந்து, விலக்குகள் என்னென்ன என்று படித்து, 120 நாள் தாண்டும்வரை பழையதையும் கட்டுங்கள். நான்கு மாதம் இரட்டைச் செலவு, வலிக்கும்தான். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? புதிய பாலிசி கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க வழி இருக்கிறது.

பிரீமியம் கட்ட முடியவில்லை என்றால் விடுவதற்கு முன் இறங்கிப் பாருங்கள். அதே கம்பெனியில் குறைந்த அறை வாடகை, குறைந்த வரம்பு உள்ள திட்டத்துக்கு மாற முடியுமா, அதற்கு உடல்நிலைக் கேள்விகள் உண்டா என்று கேளுங்கள். 2024 செப்டம்பர் முதல் கம்பெனிகள் பங்குக் கட்டணம் உள்ள திட்டத்தையும் காட்டியாக வேண்டும்: பில்லில் குறைந்தது 5 விழுக்காடு அல்லது முதல் 500 ரிங்கிட் நம் கையிலிருந்து போகும், அதற்கு ஈடாகப் பிரீமியம் குறையும். 20,000 ரிங்கிட் பில்லுக்கு 5 விழுக்காடு என்றால் ஆயிரம். அவசரச் சிகிச்சைக்கும், அரசு மருத்துவமனைக்கும், புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற தொடர் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் இந்தப் பங்கு கிடையாது. ஆண்டுக்கு மூன்று முறை வார்டில் படுப்பவர் இதை எடுப்பதற்கு முன் பேனாவும் தாளுமாக உட்கார வேண்டும்.

இன்னொன்று. நோயை மறைத்து எழுதச் சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். “எழுதாதீர்கள், யாருக்குத் தெரியப்போகிறது” என்பார்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு கிளினிக்கில், உங்கள் பெயரில் ஒவ்வொரு மாதமும் மருந்து எழுதியிருக்கிறது, அம்மா. பெரிய பில் வந்தால் கம்பெனி அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்கும். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டு தாண்டிய ஆயுள் பாலிசியைத் தவறான தகவலைக் காட்டி எளிதில் ரத்து செய்ய முடியாது. ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்ததாக நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அப்போது கையெழுத்து உங்களுடையது. ஏஜெண்ட் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

கார்டு இருக்கிறது என்பதற்காக மாத மருந்தைத் தனியார் மருத்துவரிடம் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பெரும்பாலான கார்டுகள் நீரிழிவுக்கான மாத மருந்துக்குப் பணம் தராது. அரசு கிளினிக்கில் குடிமகனுக்கு 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மருந்தும் அதிலேயே அடக்கம். காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கும், உண்மை. பசியாறிவிட்டுப் போவதா வேண்டாமா என்பதை மட்டும் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள், இரத்தப் பரிசோதனை நாளாக இருந்தால் வெறும் வயிறு வேண்டும். அரசு உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனையும் இருக்கிறது.

கோரிக்கையை மறுத்தார்கள், நியாயம் இல்லை என்று தோன்றுகிறதா? முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்களுடைய இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. காப்பிக்கடையில் கத்துவதைவிட இது பலன் தரும்.

அந்த அம்மாவின் பைக்கு வருகிறேன். உறைகளைத் தேதிப்படி அடுக்கினேன். 2024 நடுவில் வந்த முதல் உறை பிரிக்கப்பட்டிருந்தது: பிரீமியம் உயர்கிறது என்ற கடிதம். தொகையைப் பார்த்து மகள் பயந்து கட்டுவதை நிறுத்தியிருக்கிறார். அடுத்தடுத்தவை நினைவூட்டல்கள், பிறகு காலாவதி அறிவிப்பு. 2024 டிசம்பர் 20 அன்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஓர் இடைக்கால ஏற்பாட்டை அறிவித்திருந்தது. உயர்வை குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும். அடிப்படைத் திட்டத்தில் இருக்கும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஓராண்டு உயர்வை நிறுத்திவைக்க வேண்டும். 2024-இல் இந்த உயர்வால் பாலிசியை விட்டவர்கள் கேட்டால், உடல்நிலையைப் புதிதாக எடைபோடாமல் உயிர்ப்பித்துக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவது ஏற்பாட்டைச் சொல்லும் கடிதம் பத்தாவது உறையில் இருந்தது, பிரிக்காமல்.

படிவத்தை அங்கேயே நிரப்பினோம். மகள் ஈப்போவிலிருந்து பணம் அனுப்பினார், பிரித்துப் போட்ட உயர்வு அவருக்குக் கட்டுப்படியானது. முகவரியைத் தாமானுக்கு மாற்றினோம், மகளின் தொலைபேசி எண்ணையும் சேர்த்தோம். சில வாரங்களில் கார்டு மறுபடி செல்லுபடியானது. பதினொன்றாவது உறை ஒரு பொங்கல் வாழ்த்து.

இப்போதெல்லாம் எந்த உறை வந்தாலும் அம்மா பிரித்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவருகிறார். போன வாரம் கொண்டுவந்தது தண்ணீர் பில்.