ஃபார்மெட் போடுவதற்கு முன்: கணினியில் கோப்பு ஏன் கிடைக்கவில்லை?

"கம்ப்யூட்டரில்தான் போட்டு வைத்தேன், இப்போது தேடினால் வரவில்லை." மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டம் சூழ்ந்த டவுன்களில் கணினி பழுது பார்க்கும் மேசைக்கு வரும் முறையீடுகளில் இதுவும் ஒன்று. மகளின் மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ் நகல் வேண்டும். ஆலயத் திருவிழாவுக்குப் போன வருட அழைப்பிதழ் வேண்டும். வருமான வரிக் கழிவுக்கான ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அந்த ரசீதுப் படங்கள் வேண்டும். அடுத்த கேள்வியும் கூடவே வந்துவிடும்: "அண்ணே, ஃபார்மெட் போட்டால் சரியாகிவிடுமா?"

போடாதீர்கள். ஃபார்மெட் என்பது டிஸ்க்கையே துடைப்பது, தேடுகிற கோப்பும் அதோடு போய்விடும்.

இந்த மாதிரி வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் தேடல் கெட்டே இருக்காது. தேடல் எட்டிப் பார்க்காத ஓர் இடத்தில் கோப்பு பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஆகவே ரிப்பேரில் இறங்குவதற்கு முன்னால் விண்டோஸ் எங்கே தேடுகிறது, எங்கே தேடுவதில்லை என்பது தெரிய வேண்டும்.

நீங்கள் ஒரு சொல்லைத் தட்டியதும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் துழாவுவதில்லை. தடித்த புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தக் கோப்பில் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பட்டியலைத்தான் பார்க்கிறது. அதற்குப் பெயர் இண்டெக்ஸ். நீங்களாக எதையும் மாற்றாதவரை இந்தப் பட்டியலில் சேர்வது சி டிரைவில் உங்கள் பெயரில் உள்ள பயனர் ஃபோல்டரும் ஸ்டார்ட் மெனுவும் மட்டுமே. டி டிரைவ் சேராது. வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கும் பென் டிரைவும் சேராது. பயனர் ஃபோல்டருக்குள்ளேயே மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' என்ற ஃபோல்டரும் சேராது. வாட்சாப் கோப்புகள் தொலைவது இந்தக் கடைசி இடத்தில்தான்.

ஆசிரியர் குழுவில் ஒரு பயிற்சித்தாள் வருகிறது என்று வையுங்கள். கணினியில் உள்ள வாட்சாப் செயலியில் அதன்மேல் சொடுக்குகிறீர்கள், வேர்டில் திறக்கிறது. பையன் உட்கார்ந்து பதிலெல்லாம் தட்டச்சு செய்கிறான். கண்ட்ரோல் எஸ் அழுத்துகிறான், மூடுகிறான். கோப்பு சேமிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது போன இடம் 'டாக்குமெண்ட்ஸ்' அல்ல. வாட்சாப் தனக்கென்று வைத்திருக்கும், ஆப்டேட்டாவுக்குள் பல அடுக்கு ஆழத்தில் கிடக்கும் ஒரு ஃபோல்டர். மறுநாள் எப்படித் தேடினாலும் வராது. மின்னஞ்சல் இணைப்பை நேராகத் திறந்தாலும், ஜிப் கோப்பைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைத் திறந்தாலும் இதே கதைதான்.

மீட்பது சுலபம். வேர்டைத் திறந்து ஃபைல், ஓப்பன், ரீசண்ட் என்று போங்கள். அண்மையில் திறந்த கோப்புகள் வரிசையாக இருக்கும். பெயரின்மேல் எலிக்குறியைக் கொண்டுபோனால் கோப்பு இருக்கும் பாதை தெரியும். அங்கிருந்தே திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, டாக்குமெண்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஆனால் தாமதிக்க வேண்டாம். ஜிப்பும் மின்னஞ்சலும் திறந்து காட்டுவது தற்காலிக நகல். டிஸ்க்கைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்றை ஓட்டினால் அதுவும் போய்விடும்.

இரண்டாவது பெரிய குழப்பம், மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ். புதிய லேப்டாப்பை முதல்முறை திறக்கும்போது வரும் கேள்விகளுக்கெல்லாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' கொடுத்தவர்களின் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறியிருக்கலாம். அதன்பின் கணினியில் இரண்டு டெஸ்க்டாப் இருக்கும்: பயனர் ஃபோல்டருக்கு நேர் கீழே ஒன்று, ஒன்டிரைவுக்குள் ஒன்று. திரையில் தெரிவது ஒன்றுதான். இலவச 5 ஜிபி நிரம்பியதும் யாராவது ஒன்டிரைவைத் துண்டித்துவிட்டால் டெஸ்க்டாப் திடீரென்று காலியாகத் தோன்றும். இரண்டு இடத்தையும் கையால் திறந்து பாருங்கள். கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது இணையத்தில் மட்டுமே இருக்கிறது. பெயரை வைத்துத் தேடினால் வரும், உள்ளே உள்ள சொல்லை வைத்துத் தேடினால் வராது. வலது சொடுக்கில் 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

யாராவது ஏற்கெனவே விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டார்களா? டிஸ்க்கை அழிக்காமல் ஏற்றியிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'யூசர்ஸ்' ஃபோல்டரில் பழைய பெயரைத் தேடுங்கள். வழக்கமாக 10 நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கேசிங்கில் (வெளியிலிருந்து செருகும் பெட்டியில்) போட்டுச் செருகினால் வேறொரு தடங்கல் வரும். பழைய பயனர் ஃபோல்டருக்குள் போக அனுமதி இல்லாததால், தேடல் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஒருமுறை கையால் திறந்து, அனுமதி கேட்கும் பெட்டியில் 'கண்டினியூ' கொடுத்த பிறகே அதற்குள் தேட முடியும்.

பென் டிரைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிப் பாடங்களை அச்செடுக்கப் பலரும் கைவைக்கும் ஒரு பொதுக் கணினியில் செருகிவிட்டு வந்தபின் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால், அது ஷார்ட்கட் வைரஸ். கோப்புகளை அது அழிப்பதில்லை, மறைத்து வைக்கிறது. 'மறைந்தது' என்ற பண்போடு 'சிஸ்டம் கோப்பு' என்ற பண்பையும் சேர்த்துவிடுவதால், மறைந்த கோப்புகளைக் காட்டு என்று சாதாரணமாகச் சொன்னால் அவை தெரியாது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குப் போய், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் கட்டத்தின் டிக்கையும் எடுங்கள். முதலில் வைரஸ் ஸ்கேன். பிறகு கோப்புகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை அழியுங்கள். ஃபார்மெட் போடலாம் என்று நாங்கள் சொல்லும் இடம் இது ஒன்றுதான். நடுவில் அந்த ஷார்ட்கட்டை ஒருதடவைகூடச் சொடுக்காதீர்கள், வைரஸை எழுப்பும் பொத்தானே அதுதான்.

தமிழில் தேடும்போது

இந்தப் பகுதியை ஆங்கில உதவிப் பக்கங்கள் எதுவும் சொல்லித் தராது. தமிழ்ப்பள்ளிகளிலும் ஆலய நிர்வாகங்களிலும் பழைய கோப்புகளைக் கிளறுகிறவர்களுக்கு இது அவசியம்.

விண்டோஸில் தமிழ் யூனிகோடு (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடு) வந்தது விண்டோஸ் 2000இல், லதா எழுத்துருவோடு. அதற்கு முன்பும், பழக்கத்தால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடந்தது. அந்தக் கோப்புகளில் நம் கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது. கணினிக்கு அது ஆங்கில எழுத்து. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். யூனிகோடில் 'தமிழ்' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கோப்பைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை 'ஏரியல்' என்று மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு. பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகவோ விசித்திரக் குறிகளாகவோ சிதறினால் பழைய எழுத்துரு. சிதறியதைக் கண்ட்ரோல் இசட் அழுத்தித் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். சிதறிக் கிடப்பதை அப்படியே தேடல் பெட்டியில் அடித்தால் பாமினிக் கோப்புகள் அகப்படும். அரைப்புள்ளியை மட்டும் விட்டுவிடுங்கள், அது சொல்லை இரண்டாக வெட்டிவிடும். நிறையக் கோப்பு இருந்தால் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிச் சேமிப்பதே நிரந்தர வழி. மூலக் கோப்பை நீக்கவேண்டாம், மாற்றும்போது சில எழுத்துகள் பிசகும்.

யூனிகோடிலும் ஒரு பொறி இருக்கிறது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தில் தொடங்கி ஒரு விதம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம், கணினிக்கு வேறு வேறு. கைப்பேசியில் ஒரு விதமும் கணினியில் இன்னொரு விதமும் விழுந்திருந்தால் 'ஸ்ரீ மகா மாரியம்மன்' என்று தேடி ஏமாறுவீர்கள். 'மாரியம்மன்' என்று மட்டும் தேடுங்கள். 'கோயில்', 'கோவில்' இரண்டையும் போட்டுப் பாருங்கள். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்துவைத்த பெயர்களும் இருக்கின்றன, கண்ணால் பார்த்தால் பிடிபடாது.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் தனி வகை. கைப்பேசியில் படம்பிடித்துச் செய்த பிடிஎஃபில் இருப்பது எழுத்தின் புகைப்படம். எலியால் ஒரு சொல்லை இழுத்துத் தேர்ந்தெடுக்க முடியவில்லையென்றால் உள்ளடக்கத் தேடல் அதில் நடக்காது. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழையும் ஓரளவு எழுத்தாக மாற்றித் தரும். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம் போன்றவற்றுக்கு அது தேவையே இல்லை. பெயரை ஒழுங்காக வையுங்கள், போதும்.

வாட்சாப் படங்களின் பெயரில் தேதியே ஒளிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்து நகலெடுத்த படத்தில் 'ஐஎம்ஜி'க்குப் பிறகு வரும் எட்டு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள். 20231112 என்றால் 2023 நவம்பர் 12. அன்று வாட்சாப்பில் வந்த கல்யாணப் படம் வேண்டுமானால் அந்த எட்டு இலக்கத்தைத் தேடுங்கள். பெயரின் நடுப்பகுதி மட்டும் நினைவிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி (*) போடுங்கள். தேடல் பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தைத்தான் பார்க்கும்.

தேடலே பழுதென்றால்

இத்தனைக்கும் பிறகு, கண்முன்னே டாக்குமெண்ட்ஸில் இருக்கும் கோப்பையே தேடல் காட்டவில்லையென்றால், அப்போதுதான் ரிப்பேர்.

விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, 'சர்வீசஸ் டாட் எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறங்கள். பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தொடங்கும் முறை 'ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட்' என்றிருக்க வேண்டும். 'டிசேபிள்டு' என்றிருந்தால் 'கணினியை வேகமாக்குங்கள்' என்ற காணொளியைப் பார்த்து யாரோ கைவைத்திருக்கிறார்கள். 4 ஜிபி ரேமும் சுழலும் டிஸ்க்கும் உள்ள பழைய லேப்டாப்பில் இண்டெக்ஸ் எழுதும்போது வேகம் குறைவது நிஜம். அதற்கு மருந்து, சுழலாத வேக டிஸ்க்கான எஸ்எஸ்டி போடுவது. தேடலை அணைப்பது தலைவலிக்குத் தலையை எடுப்பதுதான்.

அடுத்து கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்'. 'மாடிஃபை' அழுத்தி டி டிரைவில் உங்கள் கோப்புகள் உள்ள ஃபோல்டருக்கு மட்டும் டிக் வையுங்கள். முழு டிரைவையும் சேர்க்காதீர்கள், 4 லட்சம் உருப்படிகளைத் தாண்டினால் தேடல் திணறத் தொடங்கும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. 'அட்வான்ஸ்டு' உள்ளே 'ஃபைல் டைப்ஸ்' பகுதியில், தேவையான கோப்பு வகைக்குப் பண்புகளோடு உள்ளடக்கமும் சேர்கிறதா என்று பாருங்கள்.

அதே 'அட்வான்ஸ்டு' பெட்டியில் 'ரீபில்ட்' இருக்கிறது. பழைய இண்டெக்ஸை அழித்துப் புதிதாக எழுதும், உங்கள் கோப்புகளைத் தொடாது. மாலை இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் இது அடிக்கடி தேவைப்படும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் இண்டெக்ஸ் கோப்பு சிதைந்துவிடும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, மேசைக் கணினிக்கு ஒரு யூபிஎஸ் வேண்டும்.

ரீபில்ட் போட்டால் சில மணி நேரம் ஆகலாம். சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை அணைத்து, இரவு அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி சிக்கன முறையில் நின்றேவிடும். 'இண்டெக்சிங் கம்ப்ளீட்' என்று வருவதற்கு முன் தேடிவிட்டு "இன்னும் சரியாகவில்லை" என்று மறுபடி ரீபில்ட் அழுத்தினால் வேலை முதலிலிருந்து தொடங்கும்.

ஸ்டார்ட் மெனுத் தேடல் மட்டும் வெறுமையாக நின்று, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தேடல் நன்றாக வேலை செய்தால், கோளாறு உங்கள் பக்கம் இல்லாமலும் இருக்கலாம். ஸ்டார்ட் தேடல் இணையத்தோடும் பேசுகிறது. 2020 பிப்ரவரி 5 அன்று விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றில் தேடல் பெட்டி வெறுமையாக நின்றதற்குக் காரணம் இணையத் தரப்பில் நேர்ந்த கோளாறுதான். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருங்கள்.

பெயரை வைத்து மட்டும் தேடுகிறவர்களுக்கு 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருள் போதும். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிஸ்க் அமைப்பு) டிஸ்க்கின் கோப்புப் பட்டியலை நேராகவே படிப்பதால் 10 லட்சம் கோப்பையும் சுமார் ஒரு நிமிடத்தில் சேர்த்துவிடும். ஆப்டேட்டாவுக்குள் கிடக்கும் வாட்சாப் கோப்பும் இதில் அகப்படும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இண்டெக்ஸ் எண்ணிக்கை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று, டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தமும் வந்தால், அமைப்புகளை நோண்டுவதை நிறுத்துங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' மென்பொருளைத் திறந்து 05, சி5 ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். கடைசிப் பத்தியில் உள்ள மூல மதிப்பு பூச்சியமாக இல்லையென்றால் டிஸ்க் தேய்கிறது. அந்த நிலையில் ரீபில்டும் வேண்டாம், டிஸ்க் பிழைகளைச் சோதிக்கும் செக்டிஸ்க்கும் வேண்டாம், இரண்டும் டிஸ்க்கை மேலும் ஓடவிடும். முக்கியமான ஃபோல்டர்களை, சிறியதிலிருந்து தொடங்கி, வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். படித்து முடியாமல் நிற்கும் கோப்பைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வாருங்கள்.