ராகு காலமா, கடிகாரச் சில்லா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பையன், படிவம் ஐந்து மாணவன், சனிக்கிழமை மாலை மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான். “சார், லினக்ஸ் போட்டதிலிருந்து விண்டோஸ்ல மணி தப்பாக் காட்டுது. திருத்தினாலும் மறுபடி மாறிடுது.” என் சுவர்க்கடிகாரத்தில் 4:20. அவன் திரையில் காலை 8:20. வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் போட்ட கோளாறு என்று அவன் அப்பா சொன்னாராம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அவனுடைய பழைய எந்திரத்தை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. அதனால் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளம். நல்ல முடிவு. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போடுவது பாவம்.

போடுவது சிரமமில்லை. கோப்புகளுக்கு நகல் எடுத்து, வன்தட்டில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, பென்டிரைவிலிருந்து நிறுவ வேண்டும். அப்புறம் கணினியை இயக்கும்போதெல்லாம் ‘க்ரப்’ பட்டியல் வந்து எது வேண்டும் என்று கேட்கும். சரி, மணி ஏன் மாறுகிறது?

அடிமூடியைத் திருகாணி கழற்றித் திறந்து காட்டினேன். ஐம்பது சென் காசு அளவில் ஒரு 3 வோல்ட் பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு சின்னக் கடிகாரச் சில்லை அதுதான் ஓட்டுகிறது. அந்தச் சில்லோடு ஒரு குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? 2-ஐ 15 முறை பெருக்கினால் 32,768. அதையே 15 முறை பாதியாக்கினால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு. பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. இவ்வளவு அழகான ஏற்பாடு கணினிக்குள் வேறெங்கும் இல்லை என்பேன்.

ஆனால் அந்தக் கடிகாரத்தில் இருப்பது வெறும் எண். எந்த ஊர் மணி என்ற குறிப்பு அதில் கிடையாது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா மணியை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு சேர்ந்தது. அம்மா அப்போது பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பெரட்டு (காலை ஆள்கணக்கு) மணிக்கான எண் மாறியதே தவிர, விடியல் மாறவில்லை என்பார். எண்ணை எப்படிப் படிப்பது என்பது மனிதர் செய்துகொண்ட ஒப்பந்தம்தான்.

இங்கே ஒப்பந்தம் இரண்டு. தனக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து வழக்கத்தைத் தொடரும் விண்டோஸ், சில்லில் இருப்பதை உள்ளூர் மணியாகவே படிக்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக (UTC) எடுத்து, மலேசியாவுக்காக 8 மணி நேரம் கூட்டிக் காட்டுகிறது. இணையத்தோடு நேரத்தைச் சரிபார்த்ததும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை பொது நேரத்தைச் சில்லில் எழுதுகிறது. மாலை 4:20-க்கு அது எழுதுவது 8:20. அடுத்து விழிக்கும் விண்டோஸ் அதை அப்படியே நம்பிவிடுகிறது.

அவன் அப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: அண்ணே, ராகுவின் வேலையாக இருந்தால் பிழை ஒவ்வொரு தடவையும் சரியாக 8 மணி நேரமாக இருக்குமா? பிழை ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஒரு காரணம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். பிள்ளைக்கு அந்தத் தேடலைப் பழக்குங்கள். நாள் பார்த்துக் கொடுத்து அதை மூடிவிடாதீர்கள்.

தீர்வுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சில்லில் உள்ளூர் மணியையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை. கோடையில் மணியை முன்னே தள்ளும் நாடுகளில் இது வருடத்துக்கு இரண்டு முறை தகராறு தரும். நம் நாட்டில் அந்தக் கவலை இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியை மாற்றி, அதைப் பொது நேரத்துக்குக் கொண்டுவரவும் வழி உண்டு. ஆனால் இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டையும் செய்தால், அதே 8 மணி நேரம் இந்தத் தடவை லினக்ஸில் குறையும்.