பைபாஸ் முடிந்ததும் எக்கோவில் வரும் அந்த ஒரு வரி

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவர்களின் எக்கோ ரிப்போர்ட்டைப் பிரித்தால் ‘ஆர்.வி. டிஸ்ஃபங்ஷன், மைல்ட்’ (இதயத்தின் வலது கீழறை இயக்கத்தில் லேசான குறை) என்று ஒரு வரி பல பேருக்கு இருக்கும். அடைப்பைச் சரிசெய்யத்தானே போனோம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது பக்கத்துக்கு என்ன ஆச்சு என்று வீட்டில் கலவரம்.

வலது கீழறைக்கு வேலை பக்கத்து வீட்டோடு சரி. ரத்தத்தை நுரையீரல் வரைக்கும் தள்ள 25 மி.மீ. பாதரச அழுத்தமே போதும். இடது பக்கம் 120 வரை தம் பிடிக்க வேண்டும். அதனால் இதன் சுவர் மெலிசு, 3 முதல் 5 மி.மீ. தான். 1943-இல் நாய்களின் வலது கீழறைச் சுவரைப் பொசுக்கிப் பார்த்தும் சிரை அழுத்தம் பெரிதாக ஏறாததால், இந்த அறை அவ்வளவு முக்கியமில்லை என்றே மருத்துவ உலகம் ரொம்ப நாள் நினைத்திருந்தது. தப்புக்கணக்கு.

இடது கீழறை ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி சுருங்கும். வலது கீழறை பெரும்பாலும் சைக்கிள் பம்ப் மாதிரி: மேலே இருக்கும் மூவிதழ் வால்வின் வளையம் இதயத்தின் நுனியை நோக்கி இறங்கி ஏறும். எக்கோ எடுப்பவர் அந்த வளையத்தின் மேல் ஒரு கோட்டை வைப்பார், திரையில் அலை அலையாக ஓடும், பள்ளத்திலிருந்து மேடு வரை இரண்டு புள்ளி வைத்து அளப்பார். 17 மி.மீ.க்குக் கீழே போனால் குறைவு. ஆபரேஷனுக்கு அப்புறம், வராந்தாவில் ஜாலியாக நடக்கிற ஆளுக்கும் இது 12 என்று வரும்.

ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் ஹார்ட்-லங் மெஷின்மேல்தான் முதலில் எல்லோருக்கும் சந்தேகம். ஆனால் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் உணவுக்குழாய் வழியே எக்கோ கருவியை விட்டு, ஆபரேஷன் நடக்க நடக்க அளந்தபோது, மெஷின் ஓடுவதற்கு முன்னாலேயே, இதயத்தைச் சுற்றியுள்ள உறையைக் கீறிய சில நிமிடங்களுக்குள் அந்த வளையத்தின் வேகம் சரிந்துவிட்டது தெரிந்தது! உறை பிடித்துக்கொண்டிருந்த வரை மேலும் கீழுமாக ஓடிய அறை, பிடி விட்டதும் பக்கவாட்டில் கூடுதலாகச் சுருங்கி ஈடுகட்டுகிறது. முப்பரிமாண எக்கோவிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்த்தால், வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவாகக் குறைந்திருக்காது. ஸ்கேலை ஒரே திசையில் வைத்து அளந்ததால் வந்த குழப்பம் இது.

நிஜமாகவே அடிபடுவதும் உண்டு, அது லேசான விஷயமில்லை. மல்லாந்து படுத்திருப்பவரின் வலது கரோனரி ரத்தக்குழாயின் வாய் கூரையைப் பார்த்து இருப்பதால் மிச்சக் காற்றுக்குமிழி அதில்தான் முதலில் ஏறும். நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருக்கும் அறை என்பதால் தியேட்டர் விளக்குச் சூட்டில், குளிர வைத்த தசை சீக்கிரம் சூடேறிவிடும். சிரை வழியாகப் பின்பக்கமாகச் செலுத்தும் இதயத்தை நிறுத்தும் கரைசலும் இந்தப் பக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. அப்படி அடிபட்டால் பி.பி. இறங்கும், சிறுநீர் குறையும், கால் வீங்கும். அதனால்தான் ரிப்போர்ட்டில் 12 இருந்தாலும், டாக்டர் முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை 45 டிகிரிக்கு உயர்த்தி, முகத்தை இடது பக்கம் திருப்பச் சொல்லி, கழுத்து நரம்பு எவ்வளவு உயரத்துக்குப் புடைத்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிறார்.