விடையைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், மூடிகளைக் கையில் கொடுங்கள்

"என்ர மகள் மாயச் சதுரம் எல்லாம் டக்கெண்டு போட்டிடுவா டீச்சர். கணக்கில மட்டும் ஏன் மாக்ஸ் வருதில்லை?" வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டார். மகள் தரம் 7. வரச் சொன்னேன். அம்மா சொன்னது உண்மைதான். 8, 1, 6 என்று மேல் வரிசை, 3, 5, 7 என்று நடு வரிசை, 4, 9, 2 என்று கீழ் வரிசை. தாளில் மளமளவென்று எழுதி முடித்தாள். வரிசை, நிரல், மூலைவிட்டம், எந்தப் பக்கம் கூட்டினாலும் 15. பிறகு 2 முதல் 10 வரை இலக்கம் எழுதிய போத்தல் மூடிகளை மேசையில் கொட்டி, இவற்றை வைத்தும் அப்படி ஒரு சதுரம் செய்து பார் என்றேன். அவள் மூடிகளைத் தொடவே இல்லை. "டீச்சர், இதில ஒண்டு இல்லையே" என்றாள்.

இந்தத் தவணையில் இதே பதிலைப் பல பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன். பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு காணொளியைப் பார்த்தவர்கள். 1-ஐ மேல் வரிசையின் நடுவில் வை, ஒரு கட்டம் மேலே ஒரு கட்டம் வலப்பக்கம் போ, சதுரத்துக்கு வெளியே போனால் எதிர்ப்பக்கத்தால் உள்ளே வா, அங்கே ஏற்கெனவே எண் இருந்தால் கீழே இறங்கு. அவ்வளவுதான் கற்றிருக்கிறார்கள். அதைப் பெற்றோர் "புதிர்க் கணக்கு" என்று நம்பி, பிள்ளையின் மூளை வளர்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள்.

தயவுசெய்து இதை விளங்கிக்கொள்ளுங்கள். நிரம்பி முடிந்த சதுரத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை. எந்தத் தேர்விலும் அதை வரையச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. அதை நிரப்பத் தெரியாமல் தடுமாறும் அந்த அரை மணி நேரத்தில்தான் பாடம் இருக்கிறது. 1 முதல் 9 வரை எழுதிய ஒன்பது மூடிகளையும் வெற்றுச் சதுரத்தையும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அநேகமான பிள்ளைகள் 9-ஐ ஒரு மூலையில் வைத்துத்தான் தொடங்குவார்கள். மூலைக் கட்டம் மூன்று கோடுகளில் நிற்கிறது: ஒரு வரிசை, ஒரு நிரல், ஒரு மூலைவிட்டம். 9-ஓடு சேர்ந்து 15 வர மீதி 6 வேண்டும். 6-ஐ 1+5, 2+4 என்று இரண்டு வழியில்தான் பிரிக்கலாம். மூன்றாவது கோட்டுக்கு மூடி இல்லை. எனவே 9 மூலைக்குப் போக முடியாது. இதை நான் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் பிள்ளை தலையாட்டும், மறுநாள் மறந்துவிடும். அதே பிள்ளை மூடியை இழுத்து இழுத்து வைத்துப் பார்த்து, "இது இங்க வரவே வராது டீச்சர்" என்று தானாகச் சொன்னால், அது ஒரு நிறுவல். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடுவில் ஏன் 5 என்ற கேள்வி தானாக வரும். எதிரெதிரே இருக்கும் இரண்டு மூடிகளும் எப்போதும் 10 ஆவதைக் கவனிப்பார்கள். 2 முதல் 10 வரை கொடுத்தால், எல்லா இலக்கமும் ஒன்று கூடியிருக்கிறது, எனவே கூட்டுத்தொகை மூன்று கூடி 18 என்பார்கள். நம் வீடுகளில் சாமி அறையில் இருக்கும் நவக்கிரக எந்திரத் தகடுகளை எடுத்துப் பாருங்கள். சூரியனுக்கு 15, சந்திரனுக்கு 18, செவ்வாய்க்கு 21. இப்படி மூன்று மூன்றாகக் கூடி கேதுவுக்கு 39. ஒரே சதுரம்தான், ஒவ்வொரு படியிலும் எல்லாக் கட்டத்திலும் ஒன்று கூடுகிறது. அம்மம்மா தினமும் பூ வைக்கும் தகட்டில் இது இருப்பதைக் கண்ட பிள்ளை, அடுத்த கிரகத்தைத் தானே செய்து பார்க்காமல் இருக்காது.

அப்போது கேளுங்கள்: நடுவில் உள்ள எண்ணை x என்று வைத்தால்? பக்கத்தில் x−1, x+1, அப்புறம் x−4 வரை, x+4 வரை. கூட்டுத்தொகை 3x. அட்சரகணிதத்தில் "இந்த x எங்கேயிருந்து வந்தது" என்று அழும் பிள்ளைகளுக்கு x இங்கே கையில் இருக்கும் ஒரு மூடி. நடுவில் 0 வைத்தால் −4 முதல் 4 வரை போகும், எல்லாப் பக்கமும் 0. திசைகொண்ட எண்களைக் கூட்டுவதற்கு இதைவிட நல்ல பயிற்சித் தாளை நான் கண்டதில்லை. நேர் எண்ணுக்கு நீல மூடி, மறை எண்ணுக்குச் சிவப்பு மூடி என்று வைத்துக்கொண்டால் இன்னும் தெளிவு.

தாளில் எழுதினால் என்ன, மூடி எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். தாளில் பிழை விட்டால் றப்பரால் அழிக்க வேண்டும், அழித்த இடம் அழுக்காகத் தெரியும், பக்கத்தில் இருப்பவன் பார்ப்பான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு வருடம் மாதிரி வினாத்தாள் செய்து வந்த பிள்ளைகளுக்குப் பிழை என்றால் பயம். பென்சில் நுனி தாளுக்கு மேல் நின்றுவிடும், எழுதாது. மூடியை நகர்த்தினால் போன பிழையின் தடம் இல்லை. அதனால் துணிந்து வைக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு வகுப்பு நேரத்தில் தாளில் செய்வதைவிடப் பல மடங்கு கூட்டல் கழித்தல் செய்திருப்பார்கள், ஒருவரும் வற்புறுத்தாமலே.

இன்னொரு பேச்சு, "இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, தரம் 6-க்குப் பிறகு பாடத்தைப் பார்க்க வேண்டும்" என்பது. இராமானுஜனுடைய இரண்டாவது குறிப்பேட்டின் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்கள் பற்றியதுதான். "கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்பது இன்னும் மோசம். வேலையை முதலில் முடித்தவர்களுக்குப் பரிசாகப் புதிரைக் கொடுக்கும் வகுப்புகளில், அது மிகவும் தேவைப்படும் பிள்ளை அதைக் காண்பதே இல்லை.

கணக்கு வராது என்று பெயர் வாங்கிய பிள்ளையோடு முக்கோணத்தில் தொடங்குங்கள். மூன்று மூலை, மூன்று பக்கத்தின் நடு, ஆக ஆறு இடம், 1 முதல் 6 வரை ஆறு மூடி. மூன்று பக்கமும் ஒரே கூட்டுத்தொகை வர வேண்டும். மூலைகளில் 1, 2, 3 வைத்தால் 9 கிடைக்கும். 1, 3, 5 வைத்தால் 10. 11-உம் வரும், 12-உம் வரும். 13 வருமா? இங்கே வாயை மூடிக்கொள்ளுங்கள். மூலை மூடிகள் இரண்டு பக்கத்திலும் எண்ணப்படுகின்றன என்பதை யாராவது ஒரு பிள்ளை பிடித்துவிடும். மொத்தம் 21, மூலைகளில் ஆகக்கூடியது 4, 5, 6, அதாவது 15, 21-உம் 15-உம் 36, மூன்றால் வகுத்தால் 12. அதற்கு மேல் இல்லை. பின்வரிசையில் இருக்கும் பிள்ளை இதைச் சொல்வதைக் கேட்க எனக்கு இன்றைக்கும் ஆசை.

சுட்டிகள் (2³ போன்ற அடுக்குகள்) பாடம் தொடங்குமுன் ஹனோய் கோபுரம் என்ற புதிர். 1883-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூகா வெளியிட்டது. பெரிதும் சிறிதுமாக வெட்டிய மட்டை வட்டங்கள் போதும். மூன்று இடங்களில் ஒன்றில் பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கி, ஒரு நேரத்தில் ஒன்றாக, சிறியதின் மேல் பெரியதை வைக்காமல், முழு அடுக்கையும் இன்னொரு இடத்துக்கு மாற்ற வேண்டும். மூன்று வட்டத்துக்கு 7 நகர்வு, நான்குக்கு 15, ஐந்துக்கு 31. "இரண்டு மடங்கு, கூட ஒண்டு" என்று பிள்ளை சொன்ன பிறகு 2ⁿ−1 என்று கரும்பலகையில் எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

கடைகளில் விற்கும் விலை கூடிய மரப்புதிர்கள் தேவையில்லை. தண்ணீர்ப் போத்தல் மூடி, பிஸ்கட் பெட்டி மட்டை, ஒரு மார்க்கர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் இருவருக்கு ஒரு தொகுதி. தனியாகக் கொடுத்தால் பேச்சு இருக்காது, நால்வருக்குக் கொடுத்தால் ஒருவர் மட்டும் செய்வார். பாடத்துக்கு முன் கொடுங்கள், பின்னால் அல்ல. கைபேசியில் நேரம் பிடிக்காதீர்கள். அண்ணாவை முந்தச் சொல்லாதீர்கள். பிள்ளை தடுமாறும்போது உங்கள் கை மூடியை நோக்கிப் போகும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். "எங்க வரைக்கும் வந்தனீ, சொல்லு பாப்பம்" என்பது போதும். அன்றைக்கு முடியாவிட்டால் அப்படியே மேசையில் கிடக்கட்டும். சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொருமுறை வைப்பார்கள்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மட்டும், மூடிகளை எண்ணி எடுத்து உயரத்தில் வையுங்கள். சிறிய மூடிகள் தொண்டையில் அடைக்கும்.