கையுறை கிழிவதற்குத் தோல் காரணமில்லை

உள்ளங்கையின் அடிமேட்டில் ஓட்டை விழுந்த கோல்ஃப் கையுறையைக் கொண்டுவந்து, "இந்தத் தோல் சரியில்லை, இதைவிடத் தடிமனாக ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் குறைந்தபாடில்லை. அந்தக் கையுறையையே திரும்ப மாட்டச் சொன்னால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். விரல் நுனிகள் காலியாகத் தொங்கும், உள்ளங்கையில் இரண்டு மடிப்பு விழும், வெல்க்ரோ பட்டை கடைசி வரை இழுபட்டு ஒட்டியிருக்கும். தோலில் ஒரு குறையும் இல்லை. கைக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கியதுதான் தவறு.

"இறுக்கமாகப் போட்டால் கிழியும், சற்றுத் தளர்வாக இருந்தால் காற்றும் போகும், நாளும் உழைக்கும்." இந்த எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். சட்டைக்குச் சரியாக வரும் கணக்கு கோல்ஃப் கையுறைக்கு வராது. கைக்கும் கையுறைக்கும் நடுவே வழுக்கல் இருக்கக் கூடாது, கையுறைக்கும் கிரிப்புக்கும் (கிளப் எனும் கோல்ஃப் மட்டையின் ரப்பர் பிடிக்கும்) நடுவேயும் இருக்கக் கூடாது. தளர்ந்த கையுறைக்குள் கை நகர்கிறது. மிச்சமிருக்கும் தோல் ஒதுங்கி மடிப்பாகிறது. அந்த மடிப்பு கைக்கும் ரப்பருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு மட்டையை வீசும் ஒவ்வொரு சுவிங்கிலும் அரைபடுகிறது. ஓட்டை தொடங்குவது அந்த மடிப்புக் கோட்டில்தான். தடிமனான தோல் வாங்கினால் மடிப்பும் தடிமனாகும், அவ்வளவே.

சேதம் கையுறையோடு நிற்பதில்லை. கிளப் நழுவுகிறது என்று கை உணர்ந்த கணமே பிடி இறுகுகிறது, முன்கை விறைக்கிறது, மணிக்கட்டு மடங்க மறுக்கிறது. கொப்புளம் வரக் கூடாது என்று போட்ட கையுறைக்குள்ளேயே கொப்புளம் வருகிறது. கையுறை போட்டே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1992-இல் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்ற ஃபிரெட் கப்பிள்ஸ் வெறுங்கையோடு ஆடுவதற்கே பெயர் பெற்றவர். தளர்ந்த கையுறையோடு ஆடுவதற்கு வெறுங்கை எவ்வளவோ மேல்.

அளவெடுக்க இரண்டு எண்கள் வேண்டும். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் முட்டிகளைச் சுற்றி நாடா வைத்து ஒன்று. நடுவிரலின் அடிக்கோட்டிலிருந்து நுனி வரை இன்னொன்று. பலரும் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். அகன்ற உள்ளங்கையும் குட்டை விரல்களும் உள்ளவர்களுக்கு 'கேடட்' என்று தனி சைஸ் வரிசையே இருக்கிறது. அது தெரியாமல் சாதாரண வரிசையில் உள்ளங்கைக்குப் பொருந்துவதை எடுத்தால் விரல் நுனிகள் காலியாகத்தான் நிற்கும். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியம் அல்ல. அட்டவணையை ஒவ்வொரு முறையும் பாருங்கள். உறையில் 'இடது' என்று போட்டிருப்பது மாட்ட வேண்டிய கையை. வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கைக் கையுறை, இடக்கை ஆட்டக்காரருக்கு வலக்கைக் கையுறை.

மாட்டியதும் கையை விரித்துப் பாருங்கள். உள்ளங்கைத் தோலை இன்னொரு கையால் கிள்ளி எடுக்க முடிந்தால் அது பெரிது. விரலிடுக்குகளில் தோல் அடிவரை படிய வேண்டும். வெல்க்ரோ பட்டை அதற்கான இடத்தில் முக்கால் பங்கு மட்டும் மூடினால் சரி. மீதிக் கால் பங்கு, தோல் நெகிழ்ந்த பிறகு இழுத்து ஒட்டுவதற்கு. புதிதிலேயே பட்டை விளிம்பைத் தொட்டால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். பட்டை எட்டவே இல்லை, தையல் விரிகிறது, முட்டியில் இழுக்கிறது என்றால் சிறிது. கடைசியாக ஒரு கிளப்பைப் பிடித்துப் பாருங்கள். விரித்த கையில் தெரியாத மடிப்பு மடக்கிய கையில் தெரிந்துவிடும்.

தொடு உணர்வுக்குக் கேப்ரெட்டா தோலை மிஞ்ச எதுவும் இல்லை. கம்பளியில்லாமல் முடி வளரும் ஆட்டினத்தின் தோல் அது. மெல்லியது, கிரிப்பைப் பற்றும். ஆனால் வியர்வையில் நெகிழும், உப்பேறினால் விறைக்கும், சீக்கிரம் தேயும். செயற்கைத் தோல் தடிமன் கூடியது, நீடித்து உழைக்கும், உணர்வு மட்டும் ஒரு படி குறைவு. உள்ளங்கையில் தோலும் முட்டிப் பக்கம் செயற்கையும் வைத்துத் தைத்த கலப்பு வகையும் உண்டு. பயிற்சிக்குச் செயற்கை, ஆட்டத்துக்குத் தோல் என்று பிரித்துக்கொள்வதே சரியான சிக்கனம். மழையில் தோல் வழுக்கும். நனைய நனையப் பற்றும் மைக்ரோஃபைபர் மழைக் கையுறைகளை இரு கைகளிலும் போடுங்கள்.

உள்ளே மெத்தை வைத்த கையுறை கேட்பவர்களுக்கு: பிடிக்கும் பக்கத்தில் ஓரிடம் அடுத்த இடத்தைவிட 0.635 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் அது விதிப்படி மெத்தை, போட்டியில் செல்லாது. கையைக் கிளப்போடு கட்டும் பட்டைகளும் அப்படியே. மருத்துவக் காரணம் இருந்தால் போட்டிக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

சைஸ் சரியாக இருந்தும் கிழிகிறதா? ஓட்டை விழுந்த இடத்தைப் பாருங்கள். அடிமேடு தேய்ந்தால் கிளப் விரல்களின் அடியில் அமராமல் உள்ளங்கைக்குக் குறுக்கே கிடக்கிறது, அல்லது கிரிப்பின் கடைசி முனையைப் பிடிக்கிறீர்கள், அதன் விளிம்பு அரைக்கிறது. முனையில் அரை அங்குலம் விட்டுப் பிடியுங்கள். கட்டைவிரல் தேய்ந்தால் அதை நீட்டி வைக்கிறீர்கள், அல்லது சுவிங்கின் உச்சியில் பிடியைத் தளர்த்தித் திரும்ப இறுக்குகிறீர்கள். இதற்குப் புதுக் கையுறை மருந்தாகாது, பயிற்சியாளரிடம் பிடியைக் காட்டுங்கள். கிரிப்பையும் தொட்டுப் பாருங்கள். பளபளத்துக் கெட்டியாகிப் போன கிரிப் எந்தக் கையுறையையும் தின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, ஒரு பிரஷ் போதும். கழுவியும் வழுக்கினால் கிரிப்பை மாற்றுங்கள்.

போடும்போது நான்கு விரல்களை முதலில் நுழைத்து, இடுக்குகளை அழுத்திப் படியவிட்டு, பிறகு கட்டைவிரல், கடைசியில் பட்டை. மணிக்கட்டு விளிம்பைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், தையல் விடுவது அங்கேதான். கையில் சன்ஸ்கிரீன் எண்ணெய் இருந்தால் முதலில் துடையுங்கள். கழற்றும்போது பட்டையைத் திறந்து, ஒவ்வொரு விரல் நுனியையும் சற்று இழுத்துத் தளர்த்தி உருவுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்காதீர்கள். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங் நேரத்தில் கழற்றி வையுங்கள். சுருட்டிப் பாக்கெட்டில் திணிக்காதீர்கள். ஈரத்தோடு பையில் போட்டாலும், காருக்குள் வெயிலில் வைத்தாலும், மறுநாள் அது அப்பளமாக விறைத்திருக்கும். நிழலில் விரித்துக் காயவிட்டு, வந்த உறையிலேயே தட்டையாக வையுங்கள். இரண்டு கையுறைகளை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று காய நேரம் கிடைக்கும். தோல் கையுறையைத் துவைக்கும் இயந்திரத்தில் போடவே போடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வளர்கிற பிள்ளைதானே என்று பெரிய கையுறை வாங்காதீர்கள். பிஞ்சுக் கை நழுவும் கிளப்பை இறுக்கிப் பிடிக்கப் பழகிவிட்டால் அந்தப் பிடியை மாற்ற நெடுநாள் ஆகும். ஜூனியர் சைஸ் தனியாகக் கிடைக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை நடுவிரலை அளந்து பாருங்கள்.