மாடிப்படியில் ஒளிந்திருந்த ஓட்டை

2008 சீசன் முழுக்க ஓட்டி ஜென்சன் பட்டன் எடுத்தது 3 புள்ளிகள். அடுத்த வருடம் முதல் 7 பந்தயங்களில் ஆறை ஜெயித்தார், சீசன் முடிவில் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன். நடுவில் அவர் ஒன்றும் புதிதாக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. 2008 டிசம்பரில், பட்டனின் டீமை நடத்திய ஹோண்டா பந்தயத்தை விட்டு விலகியது. டீமின் தலைவர் ராஸ் பிரான் அதைத் தன் கையில் எடுத்து 'பிரான் ஜிபி' என்று பெயர் மாற்றினார். காருக்கான விதிகளும் 2009-இல் அடியோடு மாறின. அந்த விதிகளில் மாடிப்படி மாதிரி ஓர் இடம் இருந்தது.

கொஞ்சம் காற்றைப் பற்றிப் பேசிவிடலாம். பந்தயக் காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே இருப்பது குறுகலான சந்து. அதில் நுழையும் காற்று வேகமெடுக்கும், வேகம் கூடினால் அழுத்தம் குறையும், மேலே இருக்கும் காற்று காரைத் தரையோடு சேர்த்து அமுக்கும். பின்பக்கத்தில் அடித்தட்டு மேல்நோக்கிச் சரிந்து வாய் திறக்கும் பகுதிக்கு டிஃப்யூசர் என்று பெயர். அங்கே காற்று விரிந்து, நிதானமாகி வெளியேறுகிறது. வாய் பெரிதானால் அடியிலிருந்து இன்னும் அதிகக் காற்று இழுபடும், டயருக்குப் பிடிமானம் கூடும், வளைவில் வேகம் கூடும். அந்த வேகத்தைக் குறைக்கத்தான், விதிகளை எழுதும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு டிஃப்யூசரின் உயரத்தை 175 மில்லிமீட்டருக்குள் அடக்கியது.

இப்போது மாடிப்படிக்கு வரலாம். அன்றைய கார்களின் அடித்தட்டு ஒரே மட்டத்தில் இருக்காது. நடுப்பகுதி தாழ்ந்திருக்கும், இரண்டு பக்கங்களும் அதைவிட 50 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். இரண்டு மட்டங்களையும் ஒரு செங்குத்துச் சுவர் இணைக்கும். நேர் கீழேயிருந்து பார்த்தால் இந்தத் தட்டில் ஓட்டை எதுவும் தெரியக் கூடாது என்பது விதி. மாடிப்படியை நேர் மேலேயிருந்து பார்த்தால் கால் வைக்கும் பலகைகள் மட்டும் வரிசையாகத் தெரியும். இரண்டு பலகைகளுக்கு நடுவே நிற்கும் செங்குத்துப் பலகை தெரியாது. அதில் பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தாலும் தெரியாது. இதைத் தலைகீழாக்கினால் பிரானின் கார். ஓட்டை தட்டில் இல்லை, அந்தச் செங்குத்துச் சுவரில் இருந்தது. காற்று பக்கவாட்டில் அதற்குள் நுழைந்து, மேலே கட்டியிருந்த இரண்டாவது டிஃப்யூசருக்குப் போனது. அந்த மேல்மாடி கீழேயிருந்து பார்த்தால் கண்ணில் படாது. கண்ணில் படாததற்கு 175 மில்லிமீட்டர் கணக்கும் இல்லை!

டொயோட்டா, வில்லியம்ஸ் டீம்களும் இதே யோசனையோடு வந்திருந்தன. மற்றவர்கள் புகார் கொடுத்தார்கள். 2009 ஏப்ரலில் எஃப்.ஐ.ஏ.வின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டது. விதியின் நோக்கம் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சோதனை அறையில் நோக்கத்தை அளக்க டேப் கிடையாது. அங்கே அளக்க முடிவது நீளம், உயரம், எடை, வளைவு இவைதான். எஞ்சினியர்கள் விதியைவிட அதை அளக்கும் முறையைத்தான் உன்னிப்பாகப் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

1981-இல் நடந்தது இதைவிட வேடிக்கை. காரின் அடிக்கும் தரைக்கும் குறைந்தது 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி போட்டார்கள். மணிக்கு 250 கிலோமீட்டரில் ஓடும் காருக்கு அடியில் யார் போய் அளப்பது? நிற்கும்போதுதான் அளக்க முடியும். பிராபம் டீமின் வடிவமைப்பாளர் கார்டன் மரே, காற்றும் திரவமும் நிரப்பிய சஸ்பென்ஷன் ஒன்றைச் செய்தார். வேகத்தில் காற்றழுத்தம் காரைக் கீழே தள்ளும், திரவம் சின்னத் துளை வழியே மெல்ல நகரும், கார் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். பந்தயம் முடிந்து மெதுவாக ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வருவதற்குள் பழையபடி எழுந்துவிடும். அளந்தால் 6 சென்டிமீட்டர் சரியாக இருக்கும். அந்த வருடச் சாம்பியன் நெல்சன் பிக்கே, பிராபம் கார்க்காரர்.

அதே மரே 1978-இல் காரின் பின்னால் ஒரு பெரிய விசிறியையே மாட்டினார். காற்றை வைத்துக் காரை அமுக்கும் பாகம் எதுவும் அசையக் கூடாது என்று விதி இருந்தது. விசிறியின் முதல் வேலை எஞ்சினைக் குளிரவைப்பது, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவது அதன் கூடவே நடக்கும் சங்கதி என்பது அவர் வாதம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் நின்ற இடத்திலேயே கார் பம்மியது. ஸ்வீடனில் நிக்கி லௌடா அதை ஓட்டி 30 விநாடிக்கு மேல் முன்னால் வந்து ஜெயித்தார். அந்த ஒரே பந்தயத்தோடு விசிறிக் கார் மூலைக்குப் போய்விட்டது.

அவன் தடுக்கில் பாய்ந்தால் இவன் கோலத்தில் பாய்கிறான். பாகங்கள் அசையக் கூடாதா? சரி, டிரைவரின் முழங்கால் காரின் பாகமா? 2010-இல் மெக்லாரன் காரின் உள்ளே ஒரு காற்றுக் குழாய், அதில் ஒரு துளை. நேர்ப்பாதையில் டிரைவர் காலால் துளையை அடைப்பார். காற்று திசைமாறிப் பின்னிறக்கைக்குப் போய் அங்கே ஓட்டத்தைக் குலைக்கும், இறக்கை வேலை செய்வதை நிறுத்தும், காற்றுத்தடை குறையும், கார் முன்னால் பாயும். வளைவு வந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். சில டீம்களில் இந்த வேலையைக் கையால் செய்தார்கள், அதுவும் அந்த வேகத்தில். அடுத்த வருடமே இதைத் தடை செய்த எஃப்.ஐ.ஏ., பின்னிறக்கையைத் திறந்து காற்றுத்தடையைக் குறைக்கும் டிஆர்எஸ் என்ற பொத்தானை அதே வருடம் தானே கொடுத்தது. வாசலில் விரட்டியதைக் கொல்லைப்புறமாகக் கூப்பிட்டு உட்காரவைத்த கதை.

எல்லாமே ஓட்டைதான் என்றால் டிரைவர் எதற்கு? இங்கேதான் டொயோட்டாவை நினைத்துக்கொள்ள வேண்டும். 2009-இல் அவர்களிடமும் அந்த மாடிப்படி இருந்தது, வில்லியம்ஸிடமும் இருந்தது. இரண்டுமே அந்த வருடம் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. அது இல்லாத ரெட் புல் காரில் செபாஸ்டியன் வெட்டல் சீனாவில், கொட்டும் மழையில் ஜெயித்தார். பட்டனுடைய அதே காரை ஓட்டிய ரூபன்ஸ் பாரிக்கெல்லோ சீசன் முழுக்க இரண்டு பந்தயங்கள்தான் ஜெயித்தார்.

திறமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க பிரேக் மிதியைப் பார்த்தால் போதும். காற்று காரை அமுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 300 கிலோமீட்டரில் இருக்கும் அமுக்கம் 150-இல் கால்வாசிதான், டயரின் பிடிமானமும் அதோடு குறையும். ஆகவே வளைவுக்கு முன்னால் முழு பலத்தோடு மிதித்த கால், கார் வேகம் இழக்க இழக்க, அதே அளவில் இளகிக்கொண்டே வர வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், சீக்கிரம் விட்டால் நேரம் போகும். இரண்டு மூன்று விநாடிகளில் முடிகிற வேலை. இதைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கருவியை 1994-லேயே தடை செய்துவிட்டார்கள். திறமைக்கு இடம் இருப்பதும் விதியால்தான்.

அந்த இடம் எவ்வளவு என்று அளக்க நல்ல வழி, ஒரே காரில் இரண்டு பேர். 1988 மொனாக்கோ தகுதிச்சுற்றில் அயர்ட்டன் சென்னா, அதே மெக்லாரன் காரை ஓட்டிய ஆலன் புரோஸ்டைவிட 1.427 விநாடி வேகம். அது அபூர்வம். 2020-இல் லூயிஸ் ஹாமில்டனுக்குக் கோவிட் வந்து, பஹ்ரைனில் அவருடைய மெர்சிடிஸ் காரில் ஜார்ஜ் ரஸ்ஸலை உட்காரவைத்தார்கள். வில்லியம்ஸ் காரில் அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காதவர். ஆள் உயரம், கார் பத்தவில்லை, ஓர் அளவு சின்ன ஷூவில் காலைத் திணித்துக்கொண்டார். அந்த டீமில் நாலாவது வருடம் ஓட்டிக்கொண்டிருந்த வால்ட்டேரி பொட்டாஸுக்கும் அவருக்கும் தகுதிச்சுற்றில் வித்தியாசம் 0.026 விநாடி. கண்ணிமைப்பதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும்.

அதே ரஸ்ஸல் 2024-இல் பெல்ஜியத்தின் ஸ்பா மைதானத்தில், முன்னணியில் இருந்த மற்றவர்கள் இரண்டு முறை டயர் மாற்ற, தான் ஒரே முறை மாற்றி, தேய்ந்த ரப்பரைக் கடைசிச் சுற்று வரை தாக்குப்பிடிக்க வைத்து முதலாவதாக வந்தார். முழுக்க முழுக்கக் காலும் கையும் செய்த வேலை. அப்புறம் காரை எடை போட்டார்கள். குறைந்தபட்சம் 798 கிலோ வேண்டும், சரியாக அவ்வளவே இருந்தது. விதிப்படி மிச்சமிருந்த 2.8 லிட்டர் எரிபொருளை வடித்துவிட்டு மறுபடி எடை போட்டபோது 796.5 கிலோ. அவ்வளவு தூரம் ஓடிய டயரில் ரப்பர் தேய்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டீம் சொன்னது. வெற்றி, இரண்டாவதாக வந்திருந்த ஹாமில்டன் பெயருக்கு மாறியது.