ஷாமா: எபிரேயத்தின் 'கேள்'

ஷின், மேம், அயின் ஆகிய மூன்று எழுத்துகள் சேர்ந்த வேர் இது. எபிரேய அகராதியில் வினைச்சொல்லை 'அவன் செய்தான்' என்ற வடிவில்தான் தேட வேண்டும். அதனால் ஷாமா என்றால் 'அவன் கேட்டான்'. கடைசி எழுத்தான அயினுக்குத் தமிழில் எழுத்து கிடையாது. தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி அது. இன்றைய இஸ்ரேலில் பெரும்பாலோர் அதை விழுங்கிவிடுகிறார்கள். யேமன் யூதர்களின் மரபு உச்சரிப்பில் இன்னும் இருக்கிறது. அரபு மொழியின் சமிஅ இதற்கு உடன்பிறப்பு.

காதில் விழுவது முதல் பொருள். புரிந்துகொள்வது, சொன்னபடி நடப்பது என்று அது மேலும் விரிகிறது. வேதாகமத்தின் பாபேல் கதையில் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் போவதற்கும் இதே வினைதான். 'குரல்' என்ற பொருளுள்ள கோல் என்ற சொல்லோடு சேர்ந்து 'ஒருவர் குரலில் கேட்டான்' என்று வந்தால், பெரும்பாலும் கீழ்ப்படிந்தான் என்றே கொள்ள வேண்டும். நமக்கு இது புதிதா என்ன? "பையன் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை" என்று புலம்பும் அம்மா அவன் காதைக் குறை சொல்லவில்லையே!

யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் ஜெபத்தின் தொடக்கமான 'ஷெமா இஸ்ராயேல்' உபாகமம் 6:4-இல் உள்ளது. தமிழ் வேதாகமத்தில் அது "இஸ்ரவேலே, கேள்". பொருத்தமான சொல். ஆனால் 1 சாமுவேல் 15:22-இல் இதே வினை 'கீழ்ப்படிதல்' ஆகிவிடுகிறது. பிழையில்லை, ஆனாலும் காது காணாமல் போய்விடுகிறது. 'சொல் கேட்டல்' என்றிருந்தால் இரண்டும் நின்றிருக்கும் என்பது என் எண்ணம். செவிகொடு, செவிசாய் போன்றவற்றை ஹெஎஸீன் என்ற வேறு வினைக்கு விட்டுவிடலாம். அது காதைக் குறிக்கும் ஓஸென் என்பதிலிருந்தே பிறந்தது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. தமிழில் வழி கேட்பதும் பாட்டு கேட்பதும் ஒரே வினை. எபிரேயத்தில் வினவவும் வேண்டவும் ஷாஅல் என்று தனி வினை உண்டு. சவுல் என்ற பெயர் அதிலிருந்து வந்தது, 'கேட்டுப் பெறப்பட்டவன்'. இஸ்மவேல், சிமியோன் என்ற பெயர்களுக்கு ஷாமாதான் வேர். இஸ்மவேல் என்றால் 'இறைவன் கேட்கிறார்'.

இன்றைய பேச்சிலும் இந்த வேர் சளைக்கவில்லை. ஷ்முவா என்றால் வதந்தி, அதாவது கேள்விப்பட்ட சங்கதி. மிஷ்மாஅத் என்றால் ஒழுங்குக் கட்டுப்பாடு, மஷ்மாஊத் என்றால் பொருள். தெருவில் அடிக்கடி காதில் விழுவது 'மா நிஷ்மா?' சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என்ன கேட்கப்படுகிறது?', நம் வழக்கில் 'என்ன சேதி?'. யாராவது அப்படிக் கேட்டால் ஊர்க்கதையெல்லாம் சொல்ல வேண்டாம், 'பெசேதெர்', அதாவது 'எல்லாம் சரிதான்' என்றால் போதும்.